முட்டைக்கு யார் கடிதம் போட்டது?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்று என் கணவர் சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபத்தால்தான் யோங் பெங் பக்கத்தில் ஒரு சூரிய மின்பண்ணைக்கு லைன் கிடைத்தது என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை. அதனால் நானே எழுதிவிடுகிறேன். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைத்துப் பணிவாக எழுத எனக்கு வராது.

நான் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் கரண்டு ஆபீஸில் வேலை செய்கிறேன். எந்த லைனை எந்த நாளில், எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பட்டியல் போடுவது என் வேலை. நீங்கள் வீட்டில் கறி வெட்டி வைத்துவிட்டு அரைக்கப் போகும்போது கரண்டு போனால், உங்கள் வாயில் வருகிற அத்தனை வார்த்தையும் என்னைத்தான் வந்து சேரும். பத்தொன்பது வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறேன், உடம்பு தாங்குகிறது.

சூரிய மின்பண்ணை கட்டுவது இப்போதெல்லாம் பெரிய காரியமில்லை. செம்பனை வெட்டிய நிலம் இருந்தால் போதும், ஆறே மாதத்தில் பலகைகளை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். அதை ஊர் லைனோடு சேர்ப்பதுதான் தலைவலி. ஆய்வு, அனுமதி, கேபிள், மீட்டர் எல்லாம் முடிந்த பிறகும் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. புதுக் கேபிளைப் பழைய லைனில் இணைக்க வேண்டும். இணைக்கிற அன்று பழைய லைனில் கரண்டு ஓடக்கூடாது. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை, அந்த லைனில் இருக்கிற கடை, பள்ளிக்கூடம், தொழிற்சாலை எல்லாம் கரண்டில்லாமல் இருக்க வேண்டும். பெரிய இடம் ஏதாவது முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதி ரத்து. இணைப்பு வேலை செய்கிற குழுவுக்கு அடுத்தடுத்த வாரங்கள் ஏற்கெனவே வேறு வேலைக்கு ஒதுக்கியிருக்கும். ஆகவே ரத்தானவர் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும்.

நான் சொல்கிற பண்ணைக்கு இரண்டு முறை அப்படி ரத்தானது. வெயில் கொளுத்துகிற நிலத்தில் பலகைகள் மாதக்கணக்காகச் சும்மா காய்ந்துகொண்டிருந்தன. கீழே புல் மட்டும் நன்றாக வளர்ந்தது.

இரண்டாவது முறை ரத்தான வாரம், அந்தப் பண்ணையின் சூப்பர்வைசர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஹெல்மெட். சத்தம் போடுவார் என்று நானும் தயாராகத்தான் இருந்தேன். அவர் போடவில்லை.

"அக்கா, எங்க அனுமதி இந்த மாசக் கடைசி வெள்ளியோட முடியுது. அதுக்குள்ள லைன் கிடைக்கலன்னா மறுபடி முதல்லேர்ந்து அப்ளை பண்ணணுமாம். கம்பெனி சைட்டை மூடிட்டு ஆளுங்கள அனுப்பிடுவாங்க. நான் திரும்ப சிங்கப்பூர்தான்."

எட்டு வருடம் சிங்கப்பூரில் வேலை செய்தவர் அவர். யோங் பெங்கிலிருந்து தினமும் எல்லைப் பாலம் தாண்டிப் போய்வர முடியுமா? பாலத்துக்கு இந்தப் பக்கம் பெர்மாஸ் ஜெயாவில் நாலு பேரோடு ஓர் அறையில் படுக்கை. விடியும் முன் பஸ், இருட்டிய பின் பஸ். வாரத்துக்கு ஒரு நாள் வீடு. இந்தப் பண்ணையில் வேலை கிடைத்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மனைவி, பத்து வயது மகள், வீட்டுச் சோறு. பழைய தொழிற்சாலை இப்போது மறுபடி கூப்பிடுகிறதாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"மவ இப்பத்தான் என் கூடக் கணக்குப் போட உக்கார்றா. முன்னெல்லாம் நான் வந்தா விருந்தாளி வந்த மாதிரி பாப்பா" என்றார்.

வரிசையைத் தாண்டி யாருக்கும் நான் தேதி கொடுத்ததில்லை. அன்றும் கொடுக்கவில்லை. வேறொரு பண்ணை தானாகப் பின்வாங்கியதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியாக இருந்தது. வரிசையில் முன்னால் இருந்த யாரும் அதற்குத் தயாராக இல்லை, முறைப்படி அது இவருக்கு வந்தது. நோட்டீஸ் ஒட்டினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆபீஸ் மூடப் போகிற நேரத்தில், ஒரு வரிக் கடிதம் வந்தது. ஞாயிறு முடியாது.

முதல் இரண்டு முறையும் அதே வரி, அதே இடத்திலிருந்துதான் வந்தது. அந்த லைனின் கடைக்கோடியில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணை இருக்கிறது. முட்டைகளை இயந்திரத்தில் வைத்துப் பொரித்துக் குஞ்சுகளைக் கோழிப் பண்ணைகளுக்கு அனுப்புகிறார்கள். அதன் முதலாளி ஒரு சீன அம்மாள், எங்கள் ஊர்ப் பேச்சில் டௌக்கே. முன்பு எந்தத் தொல்லையும் கொடுக்காதவர், இந்த ஒரு வருடமாகத் தொட்டதற்கெல்லாம் முடியாது என்கிறார். வயதானால் பிடிவாதம் வரும் என்று நான் முடிவுகட்டி, கோப்பில் 'ஒத்துழைப்பதில்லை' என்று சிவப்பு மையில் எழுதியும் வைத்திருந்தேன்.

மூன்றாம் முறையும் ரத்து. அந்த வெள்ளிக்கிழமை சூப்பர்வைசருக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். "பரவால்லக்கா" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். பரவாயில்லை என்றதுதான் தாங்கவில்லை.

ரத்தான அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறிவிட்டுக் காரை எடுத்தேன். எங்கே என்று கணவர் கேட்டார். "ஒருத்தங்களத் திட்டிட்டு வந்துடறேன்" என்றேன். "மதியத்துக்குள்ள வந்துடுவியா, இல்ல நான் சாப்பாடு கட்டட்டுமா?" என்றார். அவருக்கு எல்லாமே விளையாட்டுதான்.

குஞ்சுப் பண்ணையின் வாசலிலேயே என் வேகம் குறைந்துவிட்டது. செருப்பைக் கழற்றச் சொல்லி ரப்பர் காலணி கொடுத்தார்கள். அதையும் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். மேலே வெள்ளை அங்கி, தலைக்கு உறை. அந்தக் கோலத்தில் யாரைத் திட்டுவது? உள்ளே கதவைத் திறந்ததும் ஒரு சத்தம். ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே நேரத்தில் கீச்சிட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டுத் தட்டாக இழுக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் பாதி உடைந்த ஓடு, ஈரம் காயாத குஞ்சு, உள்ளிருந்து குஞ்சு இன்னும் மூக்கால் குத்திக்கொண்டிருக்கிற முட்டை. டௌக்கே அம்மாள் அறுபது வயதைத் தாண்டியவர், தலையுறைக்குள் வியர்த்து வழிய, ஒரு இயந்திரத்தின் சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அப்பா ஒரு தோட்டத்து முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையில் கற்ற தமிழ் அவரிடம் இன்னும் இருக்கிறது. நான் யாரென்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, போன்ல கத்துற தங்கச்சி நீயா?"

"ஏன் ஒவ்வொரு தடவையும் முடியாதுன்னு எழுதுறீங்க? ஒருத்தர் பொழைப்பே இதுல தொங்குது" என்றேன். குஞ்சுச் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்து ஒரு தட்டின் மேல் வைத்தார். சூடாக இருந்தது. "நானும் பொழைப்புதான் லா பாக்குறேன். ஞாயித்துக்கிழமை இதுங்க வெளிய வருது. திங்கக்கிழமை காலைல லாரி போவணும். பத்து வருசமா இதான். நான் வச்சிருக்கிற ஜெனரேட்டர் மத்த நாளுக்குத் தாங்கும். பொரிக்கிற நாளுக்குத் தாங்காது. நீங்க முன்ன சனிக்கிழமை கட் பண்ணீங்க. நான் சத்தம் போட்டேனா?"

இல்லை. போட்டதில்லை.

"அப்புறம் லீவை மாத்தினாங்க. ஆபீஸுக்கு லெட்டர் போச்சு, பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் போச்சு, பேங்குக்குப் போச்சு. முட்டைக்கு யாரு லெட்டர் போட்டா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜொகூரில் முன்பு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. அப்போது வெள்ளி எங்கள் குழுவுக்கு ஓய்வு, சனிக்கிழமை லைனை நிறுத்துவோம். பிறகு விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியது. சனி ஓய்வு நாளாகிவிட்டது. நாங்களும் ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனோம். யோசித்துச் செய்யவில்லை. நாள்காட்டியில் சிவப்பு தள்ளிப்போனது, என் பட்டியலும் கூடவே தள்ளிப்போனது. விடுமுறை நாளில் நிறுத்தினால் யாருக்கும் கஷ்டமில்லை என்பது ஆபீஸில் எல்லோருக்கும் கீதை மாதிரி. அந்த லைனில் பாதிப் பேருக்கு விடுமுறை என்று ஒன்றே கிடையாது என்பதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்க வேண்டிய ஆள் நான். சம்பளம் வாங்குவது அதற்குத்தான்.

"சரி, உங்களுக்கு எந்த நாள் தோது?" என்று கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டது அதுவே முதல் தடவை. அதுவரை 'இந்தத் தேதிக்குச் சம்மதமா' என்று மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"செவ்வாய். செவ்வாய்க்கிழமை என் முட்டை எல்லாம் தூங்கும்" என்றார்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் எஞ்சினியர் முன்னால் போய் நின்றேன். மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது சிறியவர், அக்கா என்பதற்கு மலாயில் சொல்வதுபோல் 'கக்' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

"கக், ஹாரி கெர்ஜா லா. மானா போலே?" வேலை நாளில் எப்படி முடியும் என்று கேட்டார். பள்ளிக்கூடம், கிளினிக், மரச்சாமான் தொழிற்சாலை என்று விரல் விட்டு எண்ணினார்.

அனுமதி முடிகிற வெள்ளிக்கு முந்தைய செவ்வாய் ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஏழு நாள் முன்னதாக நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். ஆகவே மறுநாள் மாலைக்குள் முடிவு தெரிய வேண்டும். இன்னொன்றும் சொன்னேன். நம் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் நிரம்பி வழிகின்றன, செவ்வாய்க்கிழமைகள் காலியாகக் கிடக்கின்றன. அதே லைனில் இன்னொரு சூரியப் பண்ணையும் வரிசையில் நிற்கிறது. அதற்கான முறை வர நாலு மாதமாகும். லைன் எப்படியும் நிற்கப் போகிறது, இரண்டு குழுவை அனுப்பி ஒரே நாளில் இரண்டையும் இணைத்துவிடலாமே என்றேன். அவர் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே இருந்தார்.

"லைனில் இருக்கிற பெரிய இடங்கள் அத்தனையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். பிறகு நான் போடுகிறேன்" என்றார் கடைசியில்.

ஒன்றரை நாள். சொந்தக் கார். கிளினிக்கில் தடுப்பூசி மருந்துப் பெட்டிக்குக் கரண்டு வேண்டும் என்றார்கள்; எங்கள் கிடங்கிலிருந்து சின்ன ஜெனரேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதாக எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அடுத்த செவ்வாய் விளையாட்டுப் போட்டி, எல்லோரும் திடலில்தான் இருப்பார்கள், தாராளமாக நிறுத்துங்கள் என்றார். கோயில் தலைவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். செவ்வாய் அம்மனுக்கு உகந்த நாளாயிற்றே.

"அம்மனுக்கு விளக்கு எண்ணெயிலதானே எரியுது?" என்றேன்.

"எரியுது. ஸ்பீக்கருக்குத்தாம்மா கரண்டு."

"ஒரு செவ்வாய் அம்மனும் நிம்மதியா இருக்கட்டுமே ஐயா."

சிரித்துவிட்டார். சிரித்தபடியே கையெழுத்தும் போட்டார்.

மரச்சாமான் தொழிற்சாலை முதலாளி அசையவே இல்லை. ஒரு நாள் நின்றால் ஏற்றுமதி நின்றுபோகும் என்று இரண்டு முறை என்னை வாசலோடு அனுப்பினார். செவ்வாய் மத்தியானம் வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல் நான் குஞ்சுப் பண்ணைக்குப் போன் செய்தேன். 'ஒத்துழைப்பதில்லை' என்று நான் எழுதி வைத்திருந்த அதே அம்மாள், "வந்து என்னை ஏத்திக்கோ" என்றார். ரப்பர் காலணியோடேயே என் காரில் ஏறினார். தொழிற்சாலைக்குள் போய் ஹொக்கியன் சீனத்தில் மூன்று நிமிடம் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. முதலாளி பேனாவை எடுத்தார்.

திரும்பும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கோப்பில் எழுதியதையும் சொன்னேன். "எழுது லா. என் புருசன் நாப்பது வருசமா அதான் சொன்னாரு" என்றார். அன்று சாயங்காலமே எஞ்சினியர் கையெழுத்துப் போட்டார், சிவப்பு மையை நான் வெள்ளை பூசி அழித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லைனை நிறுத்தினோம். பட்டியல் போடுகிறவளுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் விடுப்புப் போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஒரு குழு இந்தப் பண்ணையில், இன்னொரு குழு நாலு கிலோமீட்டர் தள்ளி அடுத்த பண்ணையில். கேபிள் இணைப்பு என்பது பொறுமையான வேலை. தோலை உரிக்க வேண்டும், துடைக்க வேண்டும், அடுக்கடுக்காகச் சுற்ற வேண்டும். துளி ஈரம் பட்டாலும் போச்சு. இரண்டு மணிக்கு குளுவாங் பக்கத்திலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. குழிக்கு மேல் கூடாரம் போட்டார்கள். காற்றில் ஒரு கால் பிடுங்கிக்கொள்ள, சூப்பர்வைசர் ஓடிப்போய் அந்தக் கம்பைக் கட்டிப்பிடித்து நின்றார். மழை முக்கால் மணி நேரம் அடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. மனிதர் முழுக்க நனைந்துவிட்டார், குழிக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

மூன்றேகாலுக்கு இணைப்பு முடிந்து, சோதனையும் சரியாக வந்தது. அடுத்த பண்ணையிலிருந்தும் முடிந்தது என்று தகவல் வந்தது. அப்போது வேலையாட்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ராகு காலம் நடக்குது. நாலரை வரைக்கும் பொறுக்கலாமா?" என்றார். நாலு மணிக்குக் கரண்டு தருவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் வாயைத் திறக்கும் முன் சூப்பர்வைசரே திரும்பினார்.

"சிங்கப்பூர் பஸ்ஸுல முதல் தடவை ஏறினப்ப எங்க வீட்ல நல்ல நேரம் பாத்துத்தான் ஏத்தினாங்க. எட்டு வருஷம் திரும்பி வர முடியல. போடுங்க."

எங்கள் ஆள் லைனுக்கு உயிர் கொடுத்தார். தூரத்தில் பள்ளிவாசல் விளக்கு பளிச்சென்றது. சூப்பர்வைசர் தன் பக்கத்து சுவிட்சைப் போட்டார். பலகைகள் அந்த நொடியே கரண்டைத் தந்துவிடாது. லைன் நிலையாக இருக்கிறதா என்று இயந்திரம் ஐந்து நிமிடம் பார்க்கும். எல்லோரும் மீட்டரைச் சுற்றிக் கூடினோம். மீட்டரில் சுழியம், சுழியம், சுழியம். பிறகு ஒரு எண். மேகத்துக்குக் கீழே சின்ன எண்தான். ஆனால் அது ஏறியது, மறுபடி ஏறியது. வேலையாட்கள் கைதட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்த வெளிச்சத்தில் என் பங்கும் இருக்கிறது என்று வெட்கப்படாமல் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் பட்டியல் மாறிவிட்டது. முதலில் லைனில் இருப்பவர்களிடம் போய் எந்த நாள் தோது என்று கேட்கிறோம், அதன் பிறகுதான் தேதி. ஒரே லைனில் காத்திருக்கிறவர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே நாளில் முடிக்கிறோம். மாதக்கணக்கில் நின்றவர்களுக்கு இப்போது வாரக்கணக்கில் லைன் கிடைக்கிறது. வேறு மாவட்டத்து ஆபீஸிலிருந்து வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுப் போனார்கள். பெரிய தொழில்நுட்பம் என்று எதிர்பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது. கேட்பதுதான் தொழில்நுட்பம் என்றேன், கொஞ்சம் திமிராகவே.

ஆனால் அன்று, அந்த ஈரப் புல்லில், சூப்பர்வைசர் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் சிங்கப்பூருக்குப் போன் செய்தார். வரவில்லை என்று இரண்டே வார்த்தையில் சொல்லி முடித்தார். பிறகு வீட்டுக்குப் பேசினார். "லைன் வந்துடுச்சு. நான் போகல" என்றார். மனைவி என்னோடு பேச வேண்டும் என்றாராம். பிறகு அவர் போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா," என்றது நான் முகம் பார்த்திராத ஒரு பெண்ணின் குரல். "அவரு சிங்கப்பூருலேர்ந்து தூக்கிட்டு வந்த பேக்கை நான் இன்னும் கதவுகிட்டதான் வச்சிருந்தேன். எப்படியும் திரும்பப் போவாருன்னு. மவ பள்ளிக்கூடத்துக் கேம்புக்கு பேக் வேணும்னு ரெண்டு வாரமா கேக்குறா. நான் கொடுக்கல. இன்னிக்குக் கொடுத்துடவா அக்கா?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்லிவிடுகிற ஆள் நான். "கொடும்மா, கொடு" என்றேன்.